உங்கள் மடலில் ராத்திரியே இல்லை

எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

போன வாரம் செய்தித்தாளுக்குள் வைத்து உங்கள் செய்திமடல் வந்தது. எட்டுப் பக்கம், வழவழத் தாள், முழுக்கக் கலர். ‘பாதுகாப்பான தொகுதி, நலமான தொகுதி’ என்று தலைப்பு. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். பால் சொசைட்டியில் 11 வருடம் கணக்கு எழுதியவள் நான். எது கையில் வந்தாலும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. மடலில் 16 படங்கள். அத்தனையும் பகலில் எடுத்தவை. நாற்சந்தியில் உயர்கோபுர விளக்கைத் திறந்து வைக்கிற படம்கூடப் பகல்தான். விளக்கு எரியவில்லை, பின்னால் வெயில் எரிகிறது.

நான் எழுத வந்தது ராத்திரியைப் பற்றி.

கடந்த புரட்டாசியில் வாய்க்கால் தண்ணி எங்களுக்கு முறை வந்தது ராத்திரி பத்து மணிக்கு. முறைத்தண்ணி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். மடலை எழுதிக் கொடுத்தவர் டவுன்காரர் போலிருக்கிறது. தண்ணிக்குப் பகல் ராத்திரி தெரியாது. நம் முறைக்கு மடையில் ஆள் நிற்காவிட்டால் அது அடுத்த காட்டுக்குப் போய்விடும். கிணற்றுத் தண்ணியும் அப்படித்தான் ஆகிவிட்டது. எங்கள் பக்கம் பகலில் வோல்டேஜ் தள்ளாடுகிறது, மும்முனைக் கரண்ட் நிலையாக வருவது ஊர் தூங்கின பிறகு. அதனால் ஊரே ராத்திரியில்தான் மடை திருப்பப் போகிறது.

என் வீட்டுக்காரர் மம்பட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மஞ்சக்காட்டுக்குப் போனார். 10.50-க்கு போன் வந்தது.

“ஏம்புள்ள, பெரிய லைட்ட எடுத்துட்டு வா. பூச்சி கடிச்சுப்போடுச்சு.”

ராத்திரியில் நாங்கள் அதன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று பெரியவர்கள் பழக்கி வைத்தது. வந்து கடித்துவிட்டுப் போன பிறகும் அவர் வாயில் அந்தப் பேர் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். குதிகாலுக்கு மேலே இரண்டு புள்ளி, அதைச் சுற்றி அதற்குள் வீக்கம். அவர் பார்த்தது சங்கிலி போட்ட மாதிரி உடம்பு. கண்ணாடி விரியன்.

108-க்கு அடித்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். எங்கே இருக்கிறீர்கள், லேண்ட்மார்க் சொல்லுங்கள் என்றாள். மெயின் ரோட்டில் இருந்து இட்டேரிக்குள் வர வேண்டும் என்றேன்.

“எந்த ஏரிங்க மேடம்?”

அவள்மேல் தப்பில்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம், அதற்குப் பேர் இட்டேரி என்று கொங்கு நாட்டுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? ஏரியெல்லாம் இல்லை கண்ணு என்று விளக்கி, எந்த வேலியில் திரும்ப வேண்டும், எந்தப் பனைமரம் என்று சொல்லி முடிக்க நாலு நிமிடம் ஆனது. வண்டி பக்கத்து ஊர் கேஸுக்குப் போயிருக்கிறது, 35 நிமிடம் ஆகும் என்றாள். நாங்கள் காத்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடைய பால் வண்டியில், கேன்களை இறக்கிவிட்டு, அவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது மணி 11.25. வாசலில் ‘24 மணி நேர சேவை’ என்று போர்டு. கேட் திறந்திருந்தது, லைட் எரிந்தது, நர்ஸ் இருந்தாள். இதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று நர்ஸ்கள் முறை மாற்றி ராத்திரி பகலாக இருக்கிற இந்த ஏற்பாடு பிரசவத்துக்காக வந்தது. என் மகள் பிறந்ததே அங்கேதான், விடியற்காலை மூன்று மணிக்கு, நல்லபடியாக. அந்த இடத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்தப் பெண் ஒரு நிமிடம் வீணடிக்கவில்லை. காலை ஆட்டாமல் அட்டை வைத்துக் கட்டினாள். கையில் ஊசி ஏற்றிச் சலைன் போட்டாள். கடித்த நேரத்தைக் கேட்டுச் சீட்டில் எழுதினாள். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மருந்து ஃப்ரிட்ஜுல இருக்குதுங்க்கா. டாக்டர் இல்லாம நான் போட முடியாதுங்க.”

டாக்டருக்கு மூன்று தரம் அடித்தாள். நாலாவது தரம் எடுத்தார். இரண்டு நிலையங்களுக்கு அவர் ஒருவரே பொறுப்பு, வீடு 40 கிலோமீட்டர் தள்ளி. “ரெஃபர் பண்ணிரும்மா” என்று அவர் சொன்னது வெளியில் நின்ற எனக்கே கேட்டது. நர்ஸ் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. விஷமுறிவு மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றுதான் ஏற்ற வேண்டும். அந்த ஒருவர்தான் அங்கே இல்லை.

தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி 12.20. ராத்திரி டியூட்டிக்கு ஒரே டாக்டர், அவர் முன்னால் பைக் விபத்தில் அடிபட்ட ஒரு பையன். இருந்தும் வந்து பார்த்தார். என் வீட்டுக்காரரின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜைமேல் நிறுத்தி வைத்தார். 20 நிமிடம் அதை யாரும் தொடக்கூடாது. அப்புறம் சாய்த்துப் பார்த்தால் நல்ல ரத்தம் உறைந்து அப்படியே நிற்க வேண்டும். இவருடையது தண்ணி மாதிரி ஓடியது. விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாய், ஒரு கடிகாரம். அவ்வளவுதான். அதை எங்கள் ஊரிலேயே 11.30-க்கு வைத்திருக்கலாம்.

முதல் சொட்டு மருந்து உள்ளே போனபோது 12.55. கடித்து இரண்டு மணி ஐந்து நிமிடம். முதல் தவணைக்கு எட்டில் இருந்து பத்து பாட்டில் வேண்டும் என்றார்கள், அங்கே ஆறுதான் இருந்தது. ஆறையும் ஏற்றி, ஆம்புலன்ஸில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 13 நாள் இருந்தோம். சிறுநீரகம் அடைத்துக்கொண்டு நாலு தரம் டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது நடக்கிறார். மூட்டை தூக்கக்கூடாது, ராத்திரி காட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தண்ணி கட்ட இப்போது நான் போகிறேன், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

உங்கள் மடலின் மூன்றாம் பக்கத்தில், ‘தொகுதியின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பாம்புக்கடி, நாய்க்கடி மருந்து கையிருப்பில் உள்ளது’ என்று போட்டிருக்கிறது. உண்மைதான். நானே அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். மடலில் பொய் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. சொசைட்டிக் கணக்கில் எத்தனை லிட்டர் பால் வந்தது என்றுதான் எழுதுவோம், எத்தனை கேன் வாங்கினோம் என்று எழுதிவிட்டு மூடி வைக்க மாட்டோம். நீங்கள் எட்டுப் பக்கமும் கேனை எண்ணியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பாம்புக்கடியை, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசே அறிவித்தது. 1939-ஆம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்த அறிவிப்பு. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் கேஸ் வந்தால் கணக்குக் கொடுத்தாக வேண்டும். 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசும் திட்டம் போட்டிருக்கிறது. ஆக, நம் தொகுதியில் எத்தனை பேரைக் கடித்தது, எத்தனை மணிக்கு எங்கே போனார்கள், எங்கே இருந்து எங்கே அனுப்பினார்கள் என்ற கணக்கு எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். ‘பொதுச் சுகாதாரம்’ என்று மூன்று பக்கம் ஒதுக்கிய மடலில் அதில் ஒரு வரி இல்லை. பதிலாக நீங்கள் முகாமில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் படம் இருக்கிறது. உங்களுக்கு நார்மல் என்று படத்தின் கீழே போட்டிருக்கிறார்கள். நல்லது.

நாய்க்கடியை எழுதப் புகுந்தால் இந்தத் தாள் பத்தாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய் கடித்துச் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் உட்கார்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுவதும் ராத்திரியில்தான்.

சரி, ‘பாதுகாப்பு’ என்ற பக்கத்துக்கு வருகிறேன்.

அதே 2024 நவம்பரில்தான் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரை வெட்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் சிவகிரி பக்கம், தோட்டத்தில் தனியாக இருந்த வயதான புருஷன் பெண்டாட்டி. அதற்கப்புறம் தோட்டத்துச் சாளைகளில் யாரும் பழைய மாதிரி தூங்குவதில்லை. வாசலில் கட்டில் போட்டுப் படுத்த ஆட்கள் கதவைத் தாழ்போட்டு உள்ளே புழுங்குகிறார்கள். பெரியவர்களை மகன்கள் டவுனுக்குக் கூப்பிடுகிறார்கள், மாட்டை யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் போவதில்லை.

அப்போது போலீஸ் எங்கள் வீட்டுக்கும் வந்தது. தனியாக இருக்கிற தோட்டத்து வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். எத்தனை பேர், என்ன வயது, போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தாழ்வாரத்து ஆணியில் நூல் போட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். ரோந்து வரும்போதெல்லாம் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைப்போம் என்றார்கள். வைக்கவும் வைத்தார்கள். முதல் மாதம் 11 கையெழுத்து, அதில் ஏழு ராத்திரி 12-க்கும் 3-க்கும் நடுவில். நாய் குரைத்தால் எழுந்து, ஜன்னலில் டார்ச் வெளிச்சம் பார்த்து, போலீஸ்தான் என்று திரும்பப் படுத்த ராத்திரிகள் அவை. இரண்டாவது மாதம் நாலு, நாலும் பகலில். பகல் 11.40, பகல் 3.15 என்று. மூன்றாவது மாதம் ஒன்றே ஒன்று, பக்கத்தில் ‘நலம்’ என்று ஒரு வார்த்தை. அதற்கப்புறம் வெள்ளைத் தாள். நோட்டில் பல்லி முட்டை வைத்திருக்கிறது.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த 13 நாளும் 78 வயது மாமியார் வீட்டில் தனியாக இருந்தார். அந்த நாட்களில் ஒரு ராத்திரி மோட்டார் ரூமில் இருந்து கிணறு வரைக்கும் போகிற கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அத்தைக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. வெளியே வரவில்லை. வராததுதான் நல்லதாகப் போயிற்று. அறுத்தவனுக்குத் தாமிரத்தை விற்றுச் சில ஆயிரம் கிடைத்திருக்கும், எங்களுக்கு ஒன்பது நாள் மோட்டார் ஓடவில்லை. புகார் கொடுக்கப் போனால் மனு ரசீது மூன்றாவது நடையில்தான் கிடைத்தது. கேபிள் திருட்டெல்லாம் ஒரு கேஸா என்கிற முகம். அங்கே இருந்த ஏட்டையா ஒருவர் மட்டும் மனசு விட்டுப் பேசினார். ஆள் பற்றாக்குறைங்கம்மா, இருக்கிறது ஒரு வண்டி, விழா ஏதாவது வந்தால் அதுவும் பந்தோபஸ்துக்குப் போய்விடுகிறது, ராத்திரி ரோந்துக்கு யாரை அனுப்புவது என்றார். உங்கள் மடலின் ஐந்தாம் பக்கத்தில் கேமராக் கட்டுப்பாட்டு அறைத் திறப்பு விழாப் படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பந்தலுக்கு வலது பக்கம் அந்த வண்டி நிற்கிறது.

அந்தக் கேமராக்கள் எல்லாம் மெயின் ரோட்டில். இட்டேரிக்குள் ஒன்றுகூட இல்லை. வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. கேமரா நடந்ததைக் காட்டும், நடக்கும்போது கதவைத் தட்டாது.

அதே பக்கத்தில், ‘சந்தேகப்படும்படியான வெளிமாநிலத்தவரைப் பற்றி உடனே தகவல் தாருங்கள்’ என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறீர்கள். சிவகிரிக் கேஸில் கைதானவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் என்று அப்போது போலீசே சொன்னது. அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரை வரப்பில் இருந்து தோளில் தூக்கி வந்து பால் வண்டியில் ஏற்றியவன், பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை செய்கிற ஒடிசாப் பையன். அவனுக்குத் தமிழ் முழுசாகத் தெரியாது. உங்கள் கட்டத்தை அவனுக்கு யாரும் படித்துக் காட்டாமல் இருக்க வேண்டும்.

நான் கேட்பது இவை.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரைக்கும் டாக்டர் இருக்க வேண்டும். அன்றைக்கு யார் டியூட்டி என்று வாசல் போர்டில் பேர் எழுதட்டும், எழுதி அழித்து எழுத சாக்பீஸ் போதும். அது நடக்கிற வரைக்கும், கண்ணாடிக் குழாய் சோதனையையும், டாக்டர் போனில் வழி சொல்ல முதல் தவணை மருந்து ஏற்றுவதையும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து, எழுத்தில் அனுமதி கொடுக்கச் சொல்லிச் சுகாதாரத் துறையை நீங்கள் கேட்க வேண்டும். அவர்கள் பயப்படுவது ஊசிக்கு இல்லை, விசாரணைக்கு. தாலுகா ஆஸ்பத்திரியில் எந்த ராத்திரியும் பத்து பாட்டிலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

விவசாயத்துக்கு மும்முனைக் கரண்டைப் பகலில், பகுதி பகுதியாக முறை வைத்தாவது, நிலையாகக் கொடுக்கச் சொல்லி மானியக் கோரிக்கையில் பேசுங்கள். அதை மின்சாரத்தோடு நிறுத்தாமல், இது உயிர்ப் பிரச்சினை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மின் இணைப்பு எண் இருக்கிறது, வாசலில் ஒரு கம்பம் இருக்கிறது. அந்தக் கம்பத்தில் இருட்டிலும் மின்னுகிற தகடு அடித்து எண்ணைப் பெரிதாக எழுதி, எந்த எண் எந்த இடம் என்ற பட்டியலை 108-க்கும் போலீசுக்கும் கொடுத்துவிட்டால் யாரும் யாரிடமும் ஏரியா இட்டேரியா என்று கேட்க வேண்டியதில்லை. வருடத்துக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உங்கள் கையில் இருக்கிறது. ஒரு உயர்கோபுர விளக்கைக் குறைத்துக்கொண்டால் எத்தனை தகடு வரும் என்று ஒப்பந்தக்காரரையே கேட்டுப் பாருங்கள்.

ரோந்து மறுபடியும் வர வேண்டும், ராத்திரியில் வர வேண்டும். ஸ்டேஷனில் எத்தனை பணியிடம், எத்தனை காலி என்று சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பிப் பதிலை வாங்கித் தாருங்கள். ரோந்து வண்டியை உங்கள் விழாக்களுக்குக் கூப்பிடாதீர்கள். இதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் போதும்.

அடுத்த மடல் சித்திரையில் வரும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. அதில் இரண்டு கணக்கு வேண்டும்: தொகுதியில் பாம்புக்கடிக்கு வந்தவர்கள் எத்தனை பேர், அதில் ராத்திரி வந்து வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று. தோட்டத்து வீடுகளின் நோட்டுகளில் ராத்திரிக் கையெழுத்து மாதம் எத்தனை என்பது இன்னொன்று. படத்தைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

இந்தக் கடிதத்தில் ஊர்ப் பேரையும் ஆஸ்பத்திரிப் பேரையும் நான் எழுதவில்லை. எழுதினால் அடுத்த நாளே அந்த நர்ஸ் பெண்ணுக்கு மெமோ போகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி அந்தக் கட்டிடத்தில் தன் வேலையைச் செய்தவள் அவள் ஒருத்திதான். யார் என்று விசாரிக்கச் சொல்லி உங்கள் ஆட்கள் யாராவது போன் போட்டால், வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர்,
மஞ்சக்காட்டில் இப்போது ராத்திரித் தண்ணி கட்டுகிறவள்